பதினோராம் நம்பர் காட்டு நிழல்

ஊசிப்பாறை டிவிஷன்,
2023 ஏப்ரல் 9

தாயி சிவசங்கரிக்கு,

ராக்கப்பன் சொல்ல, எஸ்டேட் கிரஷில் பிள்ளைகளைப் பார்க்கும் அன்னாள் எழுதுவது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். காதும் மந்தம். போனில் நீ ஒன்று சொன்னால் நான் ஒன்று கேட்பேன். அதனால்தான் தபால்.

நீ செய்து அனுப்பிய நம் மலையின் படம் வந்து சேர்ந்தது. கிரஷ் தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் நாலு முனையிலும் பிள்ளைகளின் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தோம். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கொழுந்து கிள்ளும் முத்துப்பேச்சி குனிந்து பார்த்துவிட்டு, "மேல இருந்து பாத்தா நம்ம லயம் தீப்பெட்டி அடுக்குன மாதிரி இருக்கு. உள்ள இருந்து பாத்தாலும் அப்படித்தான இருக்கு" என்றாள்.

பிப்ரவரியில் நீ மூன்று நாள் தங்கி என்னைத் தேயிலைக் காடு காடாக நடக்கவைத்து, இது என்ன நிறம், ஏன் இந்த நிறம் என்று கேட்டபோது, படித்த பெண்ணுக்கு இப்படியும் ஒரு பிழைப்பா என்று நினைத்தேன். இப்போது படத்தைப் பார்த்தால் எல்லாம் சொன்னது சொன்னபடி இருக்கிறது. பதினேழாம் நம்பர் போன வருடம் கவாத்து வெட்டியது. எலும்பு நிறத்தில் கிடக்கிறது. நாலாம் நம்பரில் கொழுந்து திரண்டு மஞ்சளோடிய பச்சை. பாறை, பாறை நிறத்தில். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம், கையால் தடவினால் தட்டுப்படும் போல இருக்கிறது. எழுத்து தெரியாத நான் ஒரு காகிதத்தை முழுதாக வாசித்தது இதுதான் முதல் தடவை.

உன் படத்தை வைத்துத்தான் பஞ்சாயத்தில் வீடு கட்ட இடம் முடிவு செய்தார்கள். பதினோராம் நம்பர் காடு. சரிவு குறைவு, ஒரே சீரான பச்சை, குறுக்கே ஓடையோ பிளவோ இல்லை என்று என்ஜினீயர் சொன்னாராம். இருபத்திரண்டு வீடு. போன ஞாயிற்றுக்கிழமை, ஆள் எண்ணும் மஸ்டர் கொட்டகையில் மனைக்குச் சீட்டுப் போட்டார்கள். என் மகன் பெரியமுத்துவுக்கு இருபத்தொன்று, பாறை ஓரம். அன்னாளுக்கு ஒன்பது.

(ஒன்பது. நட்ட நடு. வருகிற டிசம்பரில் எனக்கு ரிட்டயர். லயத்தைக் காலிசெய்ய வேண்டும். எங்கே போவது என்று இரண்டு வருடமாக ஜெபம் பண்ணினேன். உங்கள் கைக்கும் கம்ப்யூட்டருக்கும் ஸ்தோத்திரம். இப்படிக்கு அன்னாள்.)

ஒன்று கேட்க வேண்டும். ஒரு படத்தைச் செய்து முடித்துக் கொடுத்த பிறகு அதில் எதையாவது மாற்ற முடியுமா? எதுக்கு இந்தக் கேள்வி என்று அன்னாள் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். சும்மாதான் கேட்கிறேன்.

ராக்கப்பன் (கைநாட்டு)


நல்லேப்பிள்ளி,
2023 ஏப்ரல் 18

மரியாதைக்குரிய அய்யாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு எங்கள் ஊட்டில் எல்லோருக்கும் சந்தோசம். நான் செய்த படத்தை ஒருவர் தரையில் விரித்து, கஞ்சிக் கிண்ணம் வைத்துப் பார்த்தார் என்று இதுவரை யாரும் எழுதியதில்லைங்க. ஆபீஸில் வாங்குவார்கள், சுவரில் மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியுங்க. சொல்லப்போனால் படமே மாற்றி மாற்றிச் செய்வதுதான். செயற்கைக்கோள் நாம் எடுக்கும் போட்டோ போல எடுக்காது. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கறுப்பு வெள்ளைத் தகடுகளாக அனுப்பும். அவற்றை அடுக்கினால் நிறம் வரும். வந்த நிறமும் மங்கலாக, பழைய புகையிலை மாதிரி இருக்கும். காற்றில் உள்ள தூசியும் ஈரமும் அப்படிச் செய்யும். அதைக் கழுவி எடுக்க வேண்டும். மேகம் மறைத்த இடத்துக்கு வேறு நாள் படத்திலிருந்து ஒட்டுப் போட வேண்டும். பிறகு மேடு பள்ளத்தின் அளவுகளை வாங்கி அதன் மேல் இந்த நிறத்தைப் போர்த்த வேண்டும். படத்தில் மிகச் சின்னப் புள்ளி பத்து மீட்டர் சதுரம். உங்கள் லயத்தில் மூன்று வீடு ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் நேரில் வந்து உங்களைத் தொந்தரவு செய்தேன். மேலே இருந்து பார்ப்பதைக் கீழே நின்றவர் ஒருவர் சரிதான் என்று சொல்ல வேண்டும்.

நான் அதிகம் பாடுபட்ட இடம் எது தெரியுங்களா? அதே பதினோராம் நம்பர்தான். மேலிருந்து கீழே வளைந்து ஒரு கரும்பச்சைப் பட்டை. அது என்னவென்று தெரியாமல் விழித்தேன். சில்வர் ஓக் மர நிழல் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கை ஓடியது. நிழலை அப்படியே விட்டால் பார்ப்பவர் பள்ளம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு பக்கத்துத் தேயிலையின் நிறத்தை எடுத்து அதன் மேல் பரப்பி, ஓரங்களை இழைத்துவிட்டேன். தைத்த இடம் யாருக்கும் தெரியாது. என் மேலாளர் லிஜி கூட, நல்ல வேலை என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்வது வருடத்துக்கு ஒரு தடவை.

அன்னாள் அம்மாவுக்கு என் வாழ்த்துச் சொல்லுங்க. ஒன்பதாம் நம்பர் மனையில் பால் காய்ச்சும்போது நான் வருகிறேன்.

ஏனுங்க அய்யா, மாற்றுவதைப் பற்றி எதற்குக் கேட்டீங்க?

சிவசங்கரி


காந்தலூர்,
2023 ஏப்ரல் 27

தாயி,

இது அன்னாள் கையெழுத்து இல்லை. காந்தலூருக்குப் பூண்டும் கேரட்டும் வாங்க வரும் பாலக்காட்டு வியாபாரி உமர் எழுதுகிறார். தமிழ் எழுதத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும், எங்கள் டிவிஷனில் யாரையும் தெரியாதவராகவும் இருக்க வேண்டும் என்று தேடி, மறையூர் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். உன் பதிலை லயத்துக்கு அனுப்பாதே. அங்கே எனக்கு வரும் கடிதத்தை வாசிப்பது அன்னாள். கீழே உமர் கிட்டங்கி விலாசம் இருக்கிறது.

உன் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். நிழலை மறைத்த கதை வந்ததும் சிரித்தாள். "பாத்தீங்களா அண்ணாச்சி, நம்ம மனைக்குத் தையல் போட்டு விட்டிருக்கா பிள்ள" என்றாள்.

அது நிழல் இல்லை, தாயி. அது ஓடை.

எழுபத்தொன்பதாம் வருடம், மாசி மாதம், கவாத்து முடிந்த கையோடு. அப்போது இருந்த மேனேஜர் நல்ல சிவப்பு, இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். ஓடைக்கு இரண்டு கரையிலுமாக மூன்று ஏக்கர் வீணாகிறது, மூடு என்றார். ஆறு பேரை விட்டார்கள். நான், நல்லமுத்து, கூனிப் பாண்டி, அவன் மச்சினன் சுடலை, கயத்தாற்றுக்காரர் இரண்டு பேர். நாற்பத்தொரு நாள் வேலை. அடியில் மரத்தூரையும் உருண்டைப் பாறையையும் போட்டோம், அதன் மேல் சில்லுக்கல், அதற்கு மேல் மண். இரண்டு ஆள் உயரத்துக்கு நிரப்பினோம். ஊற்றின் வாயை மட்டும் அடைக்க முடியவில்லை. இங்கே அடைத்தால் ஒரு முழம் தள்ளிக் கிளம்பும். நல்லமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "போகட்டும்ல. போறது வெளிய தெரியாம போகட்டும்" என்றான். அப்படியே மேலே மண்ணைத் தள்ளி, அடுத்த மழைக்குத் தேயிலை நட்டோம்.

தண்ணீர் இன்னும் அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெருமழையில் ஊறினால் நிரப்பிய மண் மேலே நிற்கும் வீட்டோடு சரிந்துவிடும். கோடையில் சுற்றிலும் தேயிலை வெளுக்கும்போது அந்தப் பட்டை மட்டும் கறுத்து நிற்கும். ஆறு பேரில் நான் ஒருவன்தான் மிச்சம். சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும்.

பாதி முடிந்த படத்தில் நீ விரல் வைத்து "இது என்னங்க அய்யா" என்று கேட்ட நாள் திங்கட்கிழமை. என் இடது பக்கம் முத்துப்பேச்சி, அவள் தோளில் துண்டு. பின்னால் என் மகன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அன்னாள். பதினோராம் நம்பரைத்தான் கேட்கப்போகிறோம் என்று அப்போதே லயம் முழுக்கப் பேச்சு. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஓடை தெரியாது. இந்தக் கிழவன் ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவானோ என்ற பயம் மட்டும் இருந்தது. நிழல் என்றேன். பத்துப் பேரும் மூச்சு விட்டது என் மந்தக் காதுக்கே கேட்டது.

அவர்களுக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் மகனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், மழை ஒழுகும் ஒரே அறை. சீட்டு விழுந்த அன்று, ஒன்று முதல் இருபத்திரண்டு வரை மனசுக்குள் அடியெடுத்து அளந்தேன். என் மகன் மனையில் ஓடை படவில்லை என்றதும் ஒரு நிம்மதி வந்தது. அதற்குப் பிறகுதான் யாருடைய மனையில் படுகிறது என்றே பார்த்தேன். ஒன்பதுக்கு நேர் அடியில் ஊற்று.

இதை அவளை வைத்தே எப்படி எழுதுவேன்?

ராக்கப்பன் (கைநாட்டு)

(பெரியவர் சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் பூண்டு மூட்டையின் எடையைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லாதவன். எனக்கு இந்தச் சுமை எதற்கு என்று அவரிடமே கேட்டுவிட்டேன். உமர்.)


நல்லேப்பிள்ளி,
2023 மே 5

அய்யாவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து நாலு நாளாயிற்று. முதல் நாள் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் உங்கள் வயதுக்கு உண்டான மரியாதை இல்லை.

உங்கள் ஒரு சொல்லை வைத்து நான் ஒரு மலையின் நிறத்தை மாற்றினேன். அதைப் பார்த்து ஒரு என்ஜினீயர் கோடு போட்டார். கோட்டுக்குள் இருபத்திரண்டு குடும்பம். இதைத்தான் அன்றைக்கு எழுதியிருந்தேன், இன்னும் காரமாக.

ஆனால் கிழித்ததற்கு வேறு காரணமும் உண்டு. உங்கள் கடிதம் வந்த பிறகு பழைய தகடுகளைத் திறந்து பார்த்தேன். திறக்காமலே எனக்குத் தெரிந்த விசயம் அது.

நிழல் ஒரே இடத்தில் நிற்காதுங்க. டிசம்பர் வெயிலில் நீளும், மார்ச்சில் சுருங்கும். என்னிடம் மூன்று மாதப் படம் இருந்தது. மூன்றிலும் அந்தப் பட்டை அதே இடம், அதே அகலம். போதாததற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுத்த தகடு ஒன்று உண்டு. தண்ணீர் குடித்துத் தெம்பாக நிற்கும் செடி அதில் வெள்ளையாக மின்னும். நிழல் என்றால் அதிலும் இருட்டாகத்தான் இருக்கும். உங்கள் பட்டை மின்னியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தத் தகட்டை மூடினேன்.

படத்தை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அன்று புதன். இது என்ன என்று தோண்ட ஆரம்பித்தால் இரண்டு வாரம் போய்விடும். நேரில் கண்டவர் நிழல் என்று சொல்லிவிட்டாரே என்று ஒரு சாக்குக் கிடைத்தது. நோட்டில் எழுதிவைத்தேன்: "நிழல். சொன்னவர் ராக்கப்பன், வயது 76, ஊசிப்பாறை டிவிஷன்." நீங்கள் பொய் சொன்னீர்கள். நான் அது பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டேன். இதில் யாருக்குப் பங்கு அதிகம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பூசிய நிறத்தை எடுத்துவிட்டேன். பட்டை மறுபடி வந்துவிட்டது. புதிய படத்தைக் கொடுக்கும்போது ஏன் மாறியது என்று கேட்பார்கள். நான் என் தப்பை எழுதிக் கொடுக்கிறேன். அது போதாது. மேலே இருந்து பார்த்தால் அது ஈரம் என்று மட்டும்தான் தெரியும். அடியில் மூடிய ஓடை இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். மழை ஜூனில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் அஸ்திவாரம் தோண்டப்போகிறார்கள் என்று கேள்வி.

ஒரே ஒரு வேண்டுகோளுங்க. அன்னாள் அம்மாவிடம் முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள். ஆபீஸ் காகிதம் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

சிவசங்கரி


காந்தலூர்,
2023 மே 13

தாயி,

சொல்லத்தான் போனேன். கிரஷ் வாசலில் அன்னாள் ஒரு கயிறை வைத்துக்கொண்டு தரையில் நீளம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்தீங்க. வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம்? எனக்கு மலையைப் பாத்து வைக்கணும்னு ஆசை. காத்து அடிக்கும்னு முத்துப்பேச்சி சொல்லுதா" என்றாள். கிழக்குப் பக்கம் வை என்றேன். கயிற்றின் இன்னொரு முனையையும் பிடித்துக் கொடுத்தேன். பிடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அறுபது வயதுக்காரி. அவள் புருசன் செத்த வருடம் முதல் நாற்பது வருடமாக மற்றவர்கள் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். அவள் முகத்தைப் பார்த்து, உனக்கு வீடில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வழி தோன்றுகிறது. உன்னிடம்தான் மெஷின் இருக்கிறதே. மெஷின் தானாகவே கண்டுபிடித்தது என்று எழுதிவிட்டால் என்ன? உன் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். யாரும் யாரையும் நோக வேண்டாம். ஓடையும் படத்தில் வந்துவிடும்.

பெரியமுத்துவிடமும் நான் சொல்லவில்லை. அவன் ஜன்னலுக்குக் கம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

ராக்கப்பன் (கைநாட்டு)

(மெஷின் மேல் பழியைப் போடுவது நன்றாக இல்லை பெரியவரே என்று நான் சொன்னேன். நீ எழுது, நியாயம் சொல்லாதே என்றார். எழுதிவிட்டேன். உமர்.)


நல்லேப்பிள்ளி,
2023 மே 24

அய்யாவுக்கு,

மெஷின் எதையும் தானாகக் கண்டுபிடிக்காது. கண்டுபிடித்ததாக எழுதினால் அது நாம் சொல்லும் இரண்டாவது பொய். முதல் பொய்யை மெஷின் சொல்லவில்லையே.

லிஜியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. நிழல் நகரும் என்று உனக்குப் பாடம் எடுத்ததே நான்தானே என்று மலையாளத்தில் கேட்டார். நிறம் சேர்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது சாலைகளுக்கும் ஊர்களுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் கடிதமும் திருத்திய படமும் பஞ்சாயத்துக்குப் போய்விட்டன. ஜூன் 3 கிராமசபையில் எடுப்பார்கள். அங்கே நீங்கள் எழுந்து, நாங்கள்தான் மூடினோம் என்று சொன்னால்தான் நிறுத்துவார்கள். என் கடிதத்தை மட்டும் வைத்து, சின்ன ஈரம்தானே என்று அஸ்திவாரத்தைத் தோண்டிவிடுவார்கள்.

இந்தக் கடிதத்தை உமர் பாய்க்கு அனுப்பவில்லை, லயத்துக்கே அனுப்புகிறேன். இது வருகிறது என்று நாளை காலை நேரில் வந்து உங்களிடம் தெரிவிக்கும்படி போனில் அவரிடம் சொல்லியிருக்கிறேன். தபால் வர நாலைந்து நாளாகும். அந்த நாட்களை உங்களுக்காக விடுகிறேன்.

அன்னாள் அம்மா, இதை நீங்கள்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மனைக்கு அடியில் மூடிய ஓடை ஒன்று இருக்கிறது. அய்யாவுக்கு அது தெரியும். எனக்கும் சந்தேகம் இருந்தது. இருவரும் மறைத்தோம். அவர் முன்பே உங்களிடம் சொல்லியிருந்தால் இந்த வரிகளை மன்னியுங்கள். சொல்லாமல் இருந்தாலும் மன்னியுங்கள்.

சிவசங்கரி


ஊசிப்பாறை டிவிஷன்,
2023 ஆகஸ்ட் 27

தாயி சிவசங்கரிக்கு,

ராக்கப்பன் சொல்ல, அன்னாள் எழுதுவது. மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம், எழுதக் கையில்லை. உமர் பாலக்காட்டுக்கு இறங்கிவிட்டார். அன்னாள் என்னோடு பேசவில்லை. போன வாரம் அவளாக வந்து, "அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் போட வேண்டாமா, வேலை போச்சோ என்னமோ" என்றாள். உனக்காகத்தான் எழுதுகிறாள், எனக்காக இல்லை. அதையும் எழுது என்கிறாள்.

நீ விட்ட நாட்களை நான் வீணாக்கினேன். உமர் ஜீப் பிடித்து வந்து என் காதுக்குள் கத்திச் சொல்லிவிட்டுப் போனார். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாளும் கிரஷ் பக்கம் நடந்தேன், நாலு நாளும் திரும்பினேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தபால் வந்தது. அன்னாளே பிரித்து, அன்னாளே எனக்கு வாசித்தாள். அவள் பெயர் வந்த இடத்திலும் நிறுத்தவில்லை. கிரஷ் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் அதே குரலில் கடைசி எழுத்துவரை வாசித்து, மடித்து, என் கையில் கொடுத்தாள். எனக்கு எதற்கு அது, நான் என்ன வாசிக்கவா போகிறேன்?

பிறகு ஒன்று கேட்டாள். "இது வேற யாருக்காவது விழுந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப நான் உங்களுக்கு நன்றி சொல்லணுமோ" என்றாள். அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள்.

கிராமசபையில் உன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் எழுந்தேன். ஆறு பேர் பெயரையும் சொன்னேன், நாள் சொன்னேன், ஊற்று எங்கே கிளம்பியது, எத்தனை முழம் தள்ளிக் கிளம்பியது என்று சொன்னேன். விரலை வைத்துக் காட்டினேன். பின்னாலிருந்து பெரியமுத்து, "அவருக்கு வயசாயிருச்சு, நெனவு தப்பிப் பேசுதாரு" என்றான். என் மகன். நான் நினைவு தப்பியவனாக இருந்தால் அவனுக்கு வீடு கிடைக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிப்ரவரியில் நான் போட்ட கணக்கைத்தான் அவன் ஜூனில் போட்டான். அப்போது அன்னாள் எழுந்து, "அவரு நெனவு தப்புற ஆளில்ல. எனக்கு அந்த மனை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

வேலையை நிறுத்திவிட்டார்கள். சோதனை செய்யும்வரை யாரும் அங்கே கல் வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். மறுவாரம் இரண்டு பேர் வந்து ஒரு குழி தோண்டினார்கள். நாலடியில் சில்லுக்கல் வந்தது. அதற்கு மேல் மண்வெட்டி இறங்கவில்லை. பெரிய மெஷின் கொண்டுவர வழியில்லை என்று போய்விட்டார்கள். தண்ணீர் வரவில்லை. இன்னும் ஆறடி போயிருந்தால் வந்திருக்கும்.

பிறகு மழையைப் பார்த்தோம். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஆனி தூறலில் போயிற்று. ஆடியில் நாலு நாள் பெய்தது, நின்றுவிட்டது. ஆவணி பிறந்து வெயில் காய்கிறது. பதினோராம் நம்பரில் ஒரு கைப்பிடி மண் நகரவில்லை. முத்துப்பேச்சி கொழுந்துக் கூடையோடு போகும்போது என் வாசலில் நின்று, "என்ன பெரியவரே, உங்க ஓடை லீவுல போயிருக்கா?" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் வீட்டுக் கூரையில் இப்போதும் தார்ப்பாய்தான். சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. பெரியமுத்து சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளுவான், முகத்தைப் பார்ப்பதில்லை. மாற்று இடம் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். டிசம்பருக்குள் நடக்காது. அன்னாள் தேனியில் தங்கை மகள் வீட்டுக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டிலும் ஏழு பேர்.

இதெல்லாம் செய்தி. உனக்குச் சொல்ல நினைத்தது வேறு.

தினமும் காலையில் பல் விளக்கிவிட்டு வாசலில் நின்று பதினோராம் நம்பரைப் பார்க்கிறேன். கண் எனக்கு இன்னும் பழுதில்லை. சரிந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஆடியில் அந்த நாலு நாள் மழை பெய்து விட்ட காலையில் பார்த்தேன். தேயிலை நிரை கலையாமல் நின்றது. அப்போது என் மனசில் வந்தது நிம்மதி இல்லை, தாயி. ஏமாற்றம். அது சரிய வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். ஆளில்லாத காடு, யாருக்கும் சேதமில்லை, ஒரு பிளவு விழுந்தால் போதும், நான் தலை நிமிர்ந்து நடந்துவிடலாம். பிப்ரவரியில் இவர்கள் மண்ணுக்குள் போனாலும் போகட்டும் என்று வாயை மூடினவன், இப்போது மண் விழட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாவதைக் கிராமசபையில் எழுந்து சொல்ல முடிந்தது. இதை எங்கே போய்ச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. நீயும் அங்கே பெயர் ஒட்டிக்கொண்டே, இடுக்கிப் பக்கம் மழையா என்று செய்தியைப் பார்க்கிறாயோ என்னமோ. பார்த்தால் மழுப்பாமல் எழுது.

இந்த இடம் வந்ததும் அன்னாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தேங்கிய கோபத்தை எல்லாம் கொட்டப்போகிறாள் என்று நினைத்து, சரி கொட்டட்டும் என்று காதை அவள் பக்கம் திருப்பினேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கிருந்தும் பதினோராம் நம்பர் தெரியும்.

"நானுந்தான் தெனமும் பாக்கேன், அண்ணாச்சி" என்றாள். "எதுக்குன்னு கேக்காதீங்க."

பேனாவை எடுத்து, அவள் சொன்னதையும் அவளே எழுதினாள்.

ராக்கப்பன் (கைநாட்டு)